கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் சிறு நகரங்களில் நகரமன்றத் தேர்தல் பெரும்பாலும் கட்சி சாராமலே நடக்கிறது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கலிபோர்னியா, ஒஹாயோ, விஸ்கான்சின், மேரிலாந்து என்று பல இடங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் இரண்டு பேர் தாங்களே நிற்கலாமா என்று யோசிக்கிறார்கள், அது எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே பேசிவிடுவோம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், சில விஷயங்களில் நகரத்துக்கு நகரமே மாறும். ஆகவே நான் எழுதுவதைப் படித்த பிறகு உங்கள் சிட்டி கிளர்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். சின்ன நகரத்தில் தேர்தலை நடத்துவது அவர்தான், அல்லது அவர் மூலமாகக் கவுண்டி அலுவலகம்.

கேள்வி: கட்சி சாராத தேர்தல் என்றால் வேட்பாளருக்குக் கட்சியே இருக்கக் கூடாதா? எங்கள் நகரமன்றத்துக்கு நிற்பவர் எந்தக் கட்சி என்று தெருவுக்கே தெரியும். இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. அவருக்குக் கட்சி தாராளமாக இருக்கலாம். 'கட்சி சாராத' என்பது வாக்குச்சீட்டைப் பற்றிய விதி, வேட்பாளரின் மனசைப் பற்றியது இல்லை. சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அச்சாகாது, கட்சி அவரைத் தன் வேட்பாளராக நிறுத்தவும் முடியாது. கலிபோர்னியாவில் இது மாநில அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது: நீதிபதி, பள்ளி, கவுண்டி, நகரம் தொடர்பான பதவிகள் எல்லாமே கட்சி சாராதவை. அங்கே வாக்காளர்களுக்கு அனுப்பும் கையேட்டில் வேட்பாளர் தன்னைப் பற்றி எழுதும் 200 வார்த்தைக் குறிப்பில்கூடக் கட்சியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆனால் கட்சிக்காரர்கள் வெளியே 'நாங்கள் இவரை ஆதரிக்கிறோம்' என்று சொல்வது வேறு விஷயம், அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தபாலில் வரும் அட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

பெரிய இடங்களிலும் இந்த முறை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் அப்படித்தான், சிகாகோ மேயர் தேர்தல் 1999 முதல் அப்படி. நெப்ராஸ்காவில் மாநிலச் சட்டமன்றமே கட்சி சாராதது. 49 பேர், ஒரே அவை, 1937-லிருந்து. நியூயார்க் போன்ற சில நகரங்கள் இன்னும் கட்சிப் பெயரோடு மேயரைத் தேர்ந்தெடுக்கின்றன.

கேள்வி: எதற்காக இப்படி ஆரம்பித்தார்கள்? கட்சி என்று இருந்தால் ஆளைப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருக்குமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நகரங்களில் கட்சி அமைப்பு என்பது வேலை, ஒப்பந்தம், உதவி எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த ஒரு பெரிய இயந்திரமாக இருந்தது. குப்பை அள்ளும் வேலை வேண்டுமென்றாலும் கட்சி ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை. அதை உடைக்கத்தான் சீர்திருத்தக்காரர்கள் வாக்குச்சீட்டிலிருந்து கட்சியை எடுக்கச் சொன்னார்கள். சாலை போடுவதிலும் சாக்கடை கட்டுவதிலும் கட்சிக் கொள்கைக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். ஒஹாயோவில் டேட்டன் நகரம் 1913 மார்ச்சில் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதே ஆண்டு புதிய நகரச் சாசனத்துக்கு, அதாவது நகர ஆட்சிக்கான அடிப்படை விதிகளுக்கு, மக்கள் வாக்களித்தார்கள். ஐந்து பேர் கொண்ட மன்றத்தைக் கட்சி சாராமல் தேர்ந்தெடுப்பது, அந்த மன்றம் ஒரு நிர்வாகியைச் சம்பளத்துக்கு வைத்து நகரத்தை நடத்துவது என்ற ஏற்பாடு 1914-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த மாதிரிதான் நாடு முழுக்கப் பரவியது. இன்று ஏறக்குறைய நான்கில் மூன்று அமெரிக்க நகரங்களில் கட்சி சாராத தேர்தல்தான்.

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கட்சிப் பெயர் ஒரு கைகாட்டி மரம் மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டால் வாக்காளர் வேறு எதையாவது பிடித்துக்கொள்வார்: தெரிந்த பெயர், ஏற்கெனவே பதவியில் இருப்பவர், சீட்டில் முதலில் இருக்கும் பெயர், பெயருக்குக் கீழே இருக்கும் தொழில். இதனால்தான் நான் இந்தத் தேர்தலின் சின்னச் சின்ன விதிகளை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கட்சித் தேர்தலில் அலுவலகச் சடங்காகத் தெரிகிற ஒரு விதி, இங்கே முடிவையே மாற்றிவிடலாம்.

கேள்வி: வணக்கம் சார். கலிபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், குடியுரிமை வாங்கிவிட்டேன். நகரமன்றத்துக்கு நிற்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நில்லுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் தேதி. கலிபோர்னியாவில் வேட்புமனு வாங்கித் தாக்கல் செய்யும் காலம் தேர்தலுக்கு 113 நாளுக்கு முன் தொடங்கி 88 நாளுக்கு முன் முடியும். நவம்பர் தேர்தல் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை, அதாவது எல்லோரும் விடுமுறையில் இருக்கும் காலம். பதவியில் இருப்பவர் மனுப் போடாவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். இது தெரியாமல் 88-வது நாளோடு கதவு மூடிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. ஆயிரம் வாக்காளர்களுக்கு மேல் உள்ள நகரத்தில் குறைந்தது 20 பேர், அதிகம் 30 பேர். 'இருபதுதானே, எங்கள் தெருவிலேயே முடித்துவிடலாம்' என்று நினைப்பீர்கள். முடிக்கலாம், ஆனால் அந்த இருபது பேரும் நகரத்தில் பதிவு செய்த வாக்காளர்களாக இருக்க வேண்டும், மன்றம் வட்டாரம் வட்டாரமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்றால் உங்கள் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் சறுக்குவது தபால் முகவரியில். கடிதத்தில் நகரத்தின் பெயர் இருக்கும், ஜிப் கோடும் அதுவே, ஆனால் அந்த வீடு நகர எல்லைக்கு வெளியே கவுண்டி நிலத்தில் இருக்கும். பல வருடம் அங்கேயே இருப்பவருக்குக்கூட அது தெரிந்திருக்காது. இன்னொன்று, ஒரே ஒரு இடத்துக்குத்தான் தேர்தல் என்றால் ஒரு வாக்காளர் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டால் முதலில் தாக்கலான மனுவில் உள்ளதுதான் செல்லும். அதனால் 30 கையெழுத்தும் வாங்கிவிடுங்கள், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். கிளர்க் அலுவலகம் சரிபார்த்து, குறைந்தால் சொல்வதற்கும் நீங்கள் சரிசெய்வதற்கும் நேரம் வேண்டும்.

பணம் வாங்குவதற்கும் செலவு செய்வதற்கும் முன்பே, நிற்கப் போகிறேன் என்று அறிவிக்கும் 501 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஓராண்டில் 2,000 டாலர் திரண்டுவிட்டால் நீங்கள் ஒரு பிரசாரக் கமிட்டி ஆகிவிடுகிறீர்கள், தனி வங்கிக் கணக்கு, குறித்த தேதிகளில் வரவு செலவு அறிக்கை எல்லாம் வரும். உங்கள் சொத்து, வருமானத் தொடர்புகளைச் சொல்லும் 700 என்ற படிவமும் உண்டு. தெரிந்த ஒரு கணக்காளர் இருந்தால் முதல் நாளே பொருளாளராகப் பிடித்துப் போடுங்கள். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிறு நகரங்களில் எத்தனை இடமோ அத்தனை பேர் மட்டும் மனுப் போட்டிருந்தால், கலிபோர்னியாவில் மன்றம் தேர்தலையே நடத்தாமல் அவர்களை நியமித்துவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. தேர்தல் செலவு மிச்சம் என்று அதைச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட நகரத்தில் கூடுதலாக ஒருவர் மனுப் போட்டாலே ஊர் மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு வந்துவிடும். நீங்கள் தோற்றாலும் அந்த வாய்ப்பு உங்களால் வந்ததுதான்.

கேள்வி: வாக்குச்சீட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அதில் என்ன வந்துவிடப் போகிறது?

நிறைய வருகிறது. ஒஹாயோவில் ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியாகப் பெயர்களைச் சுழற்றி அச்சிடுவார்கள். ஒரு பகுதியில் முதலில் இருக்கும் பெயர் அடுத்த பகுதியில் கடைசிக்குப் போகும். இதனால் முதலிடத்தின் பலனை அளந்து பார்க்க முடிந்தது. 1992 தேர்தலில் அந்த மாநிலத்தின் மூன்று பெரிய கவுண்டிகளின் முடிவுகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிப் போட்டிகளில் பெயர் வரிசை வாக்குகளைப் பாதித்திருந்தது. முதலில் பெயர் இருப்பதால் கிடைத்த ஆதாயம் சராசரியாக 2.5 சதவீதம். கட்சிப் பெயர் அச்சாகாத போட்டிகளில் அது இன்னும் கூடுதலாக இருந்தது. சில நூறு ஓட்டில் முடிவாகும் நகரத்தில் 2.5 சதவீதம் என்பது ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம்.

கலிபோர்னியாவில் வேறு வழி. ஒவ்வொரு தேர்தலுக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் குலுக்கி எடுக்கும், அந்த வரிசைதான் அந்தத் தேர்தலுக்கு அகரவரிசை. பெயரின் முதல் எழுத்துக்கு மட்டுமல்ல, முழுப் பெயருக்கும் அதே வரிசை. ஆனால் சின்ன நகரத்தில் சுழற்சி கிடையாது என்பதால் குலுக்கலில் முதலில் வந்தவர் எல்லாச் சீட்டிலும் முதலில்தான் இருப்பார். வாய்ப்பு எல்லோருக்கும் சமம், ஆனால் அந்த வருடத்துப் பலன் ஒருவருக்கே. என்னைக் கேட்டால் ஒஹாயோ முறைதான் நேர்மை. அச்சுச் செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். உங்கள் ஊரில் வெறும் அகரவரிசையோ மனுக் கொடுத்த வரிசையோ இருந்தால், தேர்தல் இல்லாத ஆண்டில் மன்றக் கூட்டத்துக்குப் போய் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தேர்தல் ஆண்டில் கேட்டால் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

பெயருக்குக் கீழே வரும் தொழிலையும் பாருங்கள். கலிபோர்னியாவில் மூன்று வார்த்தைக்குள் உங்கள் இப்போதைய முக்கியத் தொழிலைப் போடலாம், அல்லது போன ஆண்டு செய்ததை. கட்சி இல்லாத சீட்டில் வாக்காளர் கண்ணில் படுகிற ஒரே விவரம் அதுதான், அதனால் எதிராளி அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போவதுண்டு. உண்மையான தொழிலை எளிய சொல்லில் போடுங்கள். கம்பெனி கொடுத்த நீளமான பதவிப் பெயரைவிட 'மென்பொருள் பொறியாளர்' என்பது படித்த உடனே புரியும்.

கேள்வி: எங்கள் சீட்டில் 'மூன்று பேருக்கு மிகாமல் வாக்களிக்கவும்' என்று இருக்கிறது. எனக்கு ஒருவரைத்தான் தெரியும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் செல்லாதா? மீதி இரண்டை வீணாக்குவது தப்பா?

செல்லும். தப்பும் இல்லை. நான்கு பேருக்குப் போட்டால்தான் அந்தப் போட்டியில் உங்கள் வாக்கு முழுவதும் செல்லாமல் போகும், சீட்டில் இருக்கும் மற்ற போட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாக்குச்சாவடிப் பணியில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். மூன்று இடம், ஆறு வேட்பாளர், அதிக வாக்கு வாங்கிய முதல் மூவர் மன்றத்துக்குப் போவார்கள். நீங்கள் மனதார விரும்புவது ஒருவரை. மற்ற இரண்டு வாக்கையும் 'ஏதோ கேள்விப்பட்ட பெயர்' என்று இரண்டு பேருக்குப் போடுகிறீர்கள். எண்ணி முடித்தால் அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்கள் ஆளைவிடச் சில வாக்கு முந்தி மூன்றாமிடத்தைப் பிடித்துவிடுகிறார். உங்கள் ஆளை நான்காமிடத்துக்குத் தள்ளியதில் உங்கள் கையும் இருக்கிறது. அதனால் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வருவது பழைய, சட்டப்படியான உத்தி. மூன்று பேரையும் தெரியும், மூன்று பேரும் வேண்டும் என்றால் மூன்றையும் போடுங்கள். தெரியாத பெயருக்குக் கணக்கு நிரப்பப் போடாதீர்கள்.

இந்த முறையில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நகரம் முழுவதும் சேர்ந்து எல்லா இடங்களையும் நிரப்பும்போது, 51 சதவீதம் பேர் ஒரே பட்டியலுக்கு வாக்களித்தால் எல்லா இடமும் அவர்களுக்கே போய்விடும். மீதி 49 சதவீதத்துக்கு மன்றத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது. ஒரு பகுதியில் சேர்ந்து வாழும் சிறுபான்மை மக்கள் வருடக்கணக்கில் ஒருவரைக்கூட அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் கீழும், 2002-ல் கலிபோர்னியா நிறைவேற்றிய தனி வாக்குரிமைச் சட்டத்தின் கீழும் பல நகரங்கள் வட்டாரத் தேர்தலுக்கு மாறியது அதனால்தான். வட்டாரம் என்றால் ஒரு வாக்கு, ஒரு இடம். நடந்தே எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிடலாம், பணம் குறைவாக இருக்கும் வேட்பாளருக்கு அது பெரிய வரம்.

கேள்வி: நான் தபால் துறையில் வேலை பார்க்கிறேன். மத்திய அரசு ஊழியர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பாதிதான் சரி. 1939-ல் வந்த ஹாட்ச் சட்டம், தபால் துறை உட்பட மத்திய அரசு ஊழியர்கள் கட்சி அடிப்படையிலான தேர்தலில் நிற்பதைத் தடுக்கிறது. கட்சி சாராத தேர்தலில் நிற்பதை அது தடுக்கவில்லை. ஆனால் சீட்டில் கட்சி இல்லை என்பது மட்டும் போதாது. நீங்கள் ஒரு கட்சியின் ஆதரவைக் கேட்டு வாங்கி, அதை விளம்பரப்படுத்தி, கட்சியின் ஆட்களையும் பணத்தையும் பயன்படுத்தினால், 'இது உண்மையில் கட்சிப் போட்டி ஆகிவிட்டது' என்று முடிவு செய்ய இடம் உண்டு, அப்போது உங்கள் வேலைக்கே ஆபத்து. எனவே கட்சி அலுவலகத்துப் பக்கமே போகாதீர்கள். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் ஆஃபீஸ் ஆஃப் ஸ்பெஷல் கவுன்சல் என்ற அமைப்பு கேட்பவர்களுக்கு ஆலோசனை தருகிறது. மனுப் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் துறையின் தனி விதிகளையும் கேளுங்கள்.

நகர, மாநில அரசு ஊழியர்களும் கேட்கிறார்கள்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, சம்பளம் முழுவதும் மத்திய அரசுப் பணத்தில் வந்தால் மட்டுமே இந்தச் சட்டம் உங்களைக் கட்சித் தேர்தலில் நிற்காமல் தடுக்கும். நகர ஊழியராக இருந்துகொண்டே அதே நகரத்தின் மன்றத்துக்கு நிற்பது வேறு கதை, அதற்குச் சாசனத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வரிவிலக்குப் பெற்ற ஒரு தமிழ்ச் சங்கம். எங்கள் உறுப்பினர் ஒருவர் நகரமன்றத்துக்கு நிற்கிறார். தேர்தலே கட்சி சாராதது என்பதால் சங்கத்தின் சார்பில் ஆதரவு தெரிவிக்கலாமா?

கூடாது. இதில் நல்ல மனசோடு தப்பு செய்பவர்கள் அதிகம். 1954 முதல் இருக்கும் வரிச் சட்ட விதி, 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளருக்கு ஆதரவாகவும் எதிராகவும் இறங்கக் கூடாது என்கிறது. கட்சி சாராத தேர்தலுக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அந்த விதி பேசுவது வேட்பாளரைப் பற்றி, கட்சியைப் பற்றி இல்லை. சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை அவருக்கு மட்டும் கொடுப்பது, விழா மேடையில் 'நம்ம ஆளுக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று தலைவர் சொல்வது, சங்க வாட்ஸப் குழுவில் அவருடைய நன்கொடை இணைப்பைப் பகிர்வது எல்லாமே வில்லங்கம்.

செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரு கேள்வி நேரம் நடத்தலாம். எல்லோருக்கும் ஒரே அழைப்பு, ஒரே அளவு நேரம், ஒரே கேள்விகள், நடத்துபவர் யார் பக்கமும் சாயாதவர். வாக்காளர் பதிவு முகாம் வைக்கலாம். உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில், சங்கத்தின் பெயரையும் பணத்தையும் தொடாமல், யாருக்கு வேண்டுமானாலும் உழைக்கலாம். நம் ஆட்கள் முதல் முறையாக நிற்கும்போது உற்சாகத்தில் சங்கத்தின் வரிவிலக்கைப் பணயம் வைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. பல வருடம் பல பேர் உழைத்துக் கட்டியது அது.

கேள்வி: என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது, கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். இது உள்ளூர்த் தேர்தல்தானே, வாக்களிக்கலாமா? நன்கொடை?

வாக்களிப்பது: பெரும்பாலான இடங்களில் முடியாது. விதிவிலக்குக்கு உதாரணம் மேரிலாந்தில் சில சிறு நகரங்கள். டகோமா பார்க் என்ற நகரம் 1992-ல் குடியுரிமை இல்லாத தன் நகரவாசிகளுக்கும் நகரத் தேர்தலில் வாக்குரிமை கொடுக்க முடிவு செய்தது. 2013-ல் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்ததும் அதே நகரம்தான். 2007-லிருந்து அங்கே ஒருவருக்கு மட்டும் குறியிடாமல், முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். இதுவும் கட்சி சாராத தேர்தல்தான். ஆனால் உங்கள் நகரத்தில் அனுமதி இருக்கிறது என்று கிளர்க் எழுத்தில் சொல்லாதவரை எந்தப் பதிவுப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில் சேர்த்து நீட்டுவார்கள், அதில் 'நான் குடிமகன்' என்று ஒரு கட்டம் இருக்கும். தவறுதலாக அதில் குறியிட்டாலே நாடு கடத்தும் நடவடிக்கை வரை போகலாம்.

நன்கொடை: நீங்கள் கொடுக்கலாம், உங்கள் கணவர் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் பணம் தரக் கூடாது என்ற மத்தியச் சட்டம் நகரத் தேர்தலுக்கும் சேர்த்துத்தான். நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, எச்-1பி-க்கு இல்லை. இருபது டாலர் என்றாலும் அதே விதிதான். உங்கள் கணவர் சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் கைகொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை.

கேள்வி: என் வீட்டு முற்றத்தில் வைத்த பிரசாரப் பலகையை எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வைக்க உரிமை உண்டா?

கடிதம் நகரத்திடமிருந்தா, வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்தா? அதைப் பொறுத்து பதில் மாறும். நகரம் என்றால் உங்கள் பக்கம் பலமானது: 1994-ல் மிசூரியின் லடூ என்ற சிறு நகரத்தின் வழக்கில், சொந்த வீட்டில் கருத்துப் பலகை வைப்பதை நகரம் தடை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மின்கம்பம் போன்ற பொது இடத்தில் எல்லாப் பலகையையும் தடை செய்யலாம், அது 1984 தீர்ப்பு. அந்த வழக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகரமன்ற வேட்பாளரின் பலகைகளால் வந்ததுதான். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள புல்தரை உங்களுடையது மாதிரித் தெரிந்தாலும் பல ஊர்களில் நகரத்துடையது, பலகையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சங்கம் என்றால் மாநிலச் சட்டத்தையும் சங்க ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: விஸ்கான்சினில் எங்கள் நகரத் தேர்தல் ஏப்ரலில் வருகிறது. அந்தச் சமயத்தில் யார் வருவார்கள்? வேண்டுமென்றே செய்கிறார்களா?

வேண்டுமென்றேதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை. விஸ்கான்சினில் கட்சி சாராத பதவிகளுக்கு ஏப்ரல் முதல் செவ்வாய், கட்சித் தேர்தலுக்கு நவம்பர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தேசிய அரசியலின் சத்தத்தில் நகரத்து விஷயம் அமுங்கிப் போகக் கூடாது என்பது நோக்கம். விலை என்னவென்றால், வாக்களிக்க வருபவர்கள் குறைவு. கலிபோர்னியா இதற்கு நேர் எதிராகப் போனது. தனியாகத் தேர்தல் நடத்தும்போது வருகை, மாநிலப் பொதுத்தேர்தல்களின் சராசரியைவிட 25 சதவீதம் குறைந்தால் தேதியைப் பெரிய தேர்தலோடு சேர்க்க வேண்டும் என்று 2015-ல் சட்டம் போட்டார்கள். நான் கலிபோர்னியா பக்கம். சத்தம் அதிகமாக இருந்தாலும் நிறையப் பேர் சேர்ந்து எடுக்கிற முடிவு நல்லது. உங்கள் மாநிலத்தில் நிற்பதாக இருந்தால், மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் காலம் டிசம்பர் 1-ல் தொடங்கி ஜனவரி முதல் செவ்வாய் மாலை 5 மணிக்கு முடிகிறது. பனிக்காலத்தில் கதவு தட்ட வேண்டியிருக்கும், நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன ஊரில் இரண்டு பேருக்கும் சரிசமமாக வாக்கு வந்தால்?

முதலில் மறு எண்ணிக்கை. அதிலும் சமம் என்றால் பல மாநிலங்களில் குலுக்கல்தான். 2009-ல் அரிசோனாவின் கேவ் கிரீக் நகரமன்றத் தேர்தலில் இருவர் சமமாக வந்தபோது, நீதிபதி முன்னிலையில் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். கிங் வந்தவர் மன்றத்துக்குப் போனார். கலிபோர்னிய நகரங்களிலும் பொதுவிதி குலுக்கல்தான். குலுக்கல் வேண்டாம், மறுபடி ஒரு தேர்தல் வைக்கலாம் என்று நகரம் விரும்பினால் அதற்கும் வழி உண்டு, ஆனால் அந்த விதியை வாக்குப்பதிவுக்கு முன்பே மன்றம் நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும். சமமாக வந்த பிறகு கூடி முடிவு செய்ய முடியாது. உங்கள் நகரம் இதில் எந்தப் பக்கம் என்று கிளர்க்கிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.